எது முன்னே, எது பின்னே?

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய சார்ட் பேப்பர் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக் கண் எரிகிறது. அடுத்த முறை தபாலில் அனுப்பு. பாலவனத்தத்திலிருந்து சிவகாசி ஒன்றும் சீமை இல்லை. உனக்கு மட்டும் சொல்வதென்றால் போனிலேயே சொல்லி முடித்திருப்பேன். இதே கிறுக்குப் பிடித்த பிள்ளைகள் மதுரையிலும் கோவில்பட்டியிலும் இருக்கிறார்கள் என்று நீயே சொன்னாய். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதழில் எழுதுகிறேன்.

முதலில், ஒரே கதையுலகத்தின் கார்ட்டூன்களை எல்லாம் கதைக்குள் நடந்த வரிசையில் அடுக்க நீ எடுத்திருப்பது சின்ன வேலை இல்லை. 1992இல் வந்த பேட்மேன் கார்ட்டூன் 85 எபிசோட். 1997இல் புது உருவத்தில் வந்த அதன் தொடர்ச்சி 24. சூப்பர்மேன் 54. முன்பு பேட்மேனாக இருந்த கிழட்டு புரூஸ் வேனிடம் பயிற்சி பெறும் பையனின் கதையான பேட்மேன் பியாண்ட் 52. ஜஸ்டிஸ் லீக் 52, அதன் பின்தொடர் 39. கூட்டிப் பார், 306 வருகிறது. ஸ்டாட்டிக் ஷாக், ஜீட்டா ப்ராஜெக்ட் என்ற பங்காளிகளையும் சேர்த்தால் இன்னும் நீளும். இத்தனையையும் பார்த்து, ஒரே சிவப்புக் கோட்டில் முதலிலிருந்து கடைசி வரை நம்பர் போட்டு எழுதியிருக்கிறாய். கையெழுத்தும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கிறது. அந்தச் சார்ட்டில் எனக்கு ஒரே ஒரு குறை. 47ஆம் கதை ஏன் 48க்கு முன்னால் என்பதற்கு ஓரிடத்திலும் ஒரு வரி கிடையாது.

வரிசை போடுகிறவனின் வேலை நம்பர் கொடுப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். சாட்சி வைப்பதுதான் வேலை. இந்தக் கதை அந்தக் கதைக்குப் பின்னால் நடந்தது என்று எதை வைத்துச் சொல்கிறாய்? பாத்திரம் வாய்விட்டுச் சொன்னதா, போட்டிருக்கும் உடையா, முன்கதையின் விளைவு இதில் தெரிகிறதா, இல்லை டிவியில் அப்படி ஓடியது என்பதாலா? சாட்சியை எழுதி வைத்துவிட்டால் நம்பர் தானாக வந்து உட்காரும். அது இல்லாத நம்பரை நாளைக்கு வேறொரு பையன் வந்து தட்டிவிட்டுப் போவான், உனக்குப் பதில் சொல்ல வழி இருக்காது.

டிவியில் ஓடிய வரிசையை நம்பாதே என்று உனக்கே தெரியும். ஏன் நம்பக்கூடாது என்பதைத்தான் நீ இன்னும் விசாரிக்கவில்லை. 1992 செப்டம்பர் 5, சனிக்கிழமை. அமெரிக்காவில் பேட்மேன் கார்ட்டூன் முதன்முதலாக ஓடிய நாள். ஓடியது 'தி கேட் அண்ட் தி கிளா' என்ற கேட்வுமன் கதையின் முதல் பாகம். முதலில் தயாரான கதை அதுவல்ல. மனித வௌவால் வரும் 'ஆன் லெதர் விங்ஸ்'தான் தயாரிப்பு எண் ஒன்று. அது மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஓடியது. அந்த வருஷம் ஜூனில்தான் பேட்மேன் ரிட்டர்ன்ஸ் படம் தியேட்டருக்கு வந்திருந்தது, கேட்வுமன் ஊர் வாயில் இருந்தாள், அதனால் அவளை முன்னால் தள்ளிவிட்டார்கள். கூத்து அதோடு முடியவில்லை. அந்தக் கதையின் இரண்டாம் பாகம் அடுத்த சனிக்கிழமைதான் வந்தது. நடுவில் திங்கள் முதல் வெள்ளி வரை மிஸ்டர் ஃப்ரீஸ், களிமண் மனிதன், ஜோக்கர் என்று சம்பந்தமில்லாத கதைகள் ஓடின. டிவிக்காரனுக்குச் சனிக்கிழமை என்பது விளம்பரக் கணக்கு. அதை நீ கதைக் கணக்காக எடுத்துக்கொண்டால் கேட்வுமன் ஒரு வாரம் அந்தரத்தில் தொங்குவாள்.

தயாரிப்பு வரிசையாவது சுத்தமா என்றால், அதுவும் பாதிதான். எழுதுவதும் குரல் பதிவும் அமெரிக்காவில் நடக்கும். படம் வரைந்து அசைய வைப்பதை ஜப்பான், கொரியா ஸ்டூடியோக்களுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு கதை ஒரு ஸ்டூடியோவுக்கு, அடுத்தது வேறொன்றுக்கு. முன்னால் போனது பின்னால் திரும்பும், பின்னால் போனது முந்திக்கொள்ளும். எது கைக்கு வந்ததோ அது ஓடும். இன்னொன்றும் உண்டு. 'கிறிஸ்துமஸ் வித் தி ஜோக்கர்' தயாரிப்பில் இரண்டாவது. கிறிஸ்துமஸ் கதையைச் செப்டம்பரில் போட முடியுமா? நவம்பர் வரை பெட்டியில் வைத்திருந்தார்கள்.

ஆக உன் கையில் மூன்று வரிசை இருக்கிறது. செய்த வரிசை, காட்டிய வரிசை, கதைக்குள் நடந்த வரிசை. முதல் இரண்டும் ஆவணம். தேதி இருக்கிறது, எண் இருக்கிறது, சரிபார்த்து எழுதினால் போதும். மூன்றாவதுதான் உன் ஆராய்ச்சி. உன் சார்ட்டில் மூன்றும் கலந்து கிடக்கிறது. கதைக்குள் சாட்சி கிடைத்த இடத்தில் அதை வைத்திருக்கிறாய், கிடைக்காத இடத்தில் சத்தமில்லாமல் டிவி வரிசைக்குத் தாவியிருக்கிறாய். தாவுவது தப்பில்லை. எங்கே தாவினாய் என்று படிக்கிறவனுக்குச் சொல்ல வேண்டும்.

ஓரிடத்தைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். 1997இல் தொடர் புது உருவம் எடுத்தபோது முதலில் ஓடியது 'ஹாலிடே நைட்ஸ்', செப்டம்பர் 13. நீயும் அதைத்தான் அந்தப் பகுதியின் தலையில் வைத்திருக்கிறாய். கதை நடப்பது டிசம்பர் கடைசியில், கிறிஸ்துமஸுக்குச் சற்று முன் ஆரம்பித்துப் புத்தாண்டு இரவில் முடிகிறது. அதில் டிம் டிரேக் என்ற சிறுவன் ஏற்கெனவே ராபின், அதாவது பேட்மேனின் துணையாள். அடுத்த வாரம், செப்டம்பர் 20, ஓடியது 'சின்ஸ் ஆஃப் தி ஃபாதர்'. அதில்தான் அந்த டிம் முதன்முதலாக பேட்மேன் கண்ணில் படுகிறான், அப்பனைப் பறிகொடுக்கிறான், ராபின் ஆகிறான். ராபின் ஆன பையனை முதலிலும் ராபின் ஆகும் பையனை இரண்டாவதும் காட்டியிருக்கிறார்கள். இதைத் திருப்பிப் போடத் தனி மூளை தேவையில்லை, இரண்டு கதையையும் அடுத்தடுத்துப் பார்த்தால் போதும். நீ பார்த்திருக்கிறாய் என்றும் தெரியும். பார்த்தும் திருப்பவில்லை என்றால், செப்டம்பர் 13 என்ற தேதி உன்னை மிரட்டியிருக்கிறது. அச்சிலும் திரையிலும் இருக்கிற தேதிக்கு அப்படி ஒரு அதிகாரம் உண்டு, மருமகனே. சிவகாசியில் ப்ரூஃப் பார்த்த காலத்தில் நான் கற்ற பாடம், புத்தகத்தில் தேதி இருக்கிற பக்கத்தைத்தான் இரண்டு முறை சரிபார்க்க வேண்டும் என்பது.

இதற்கு நேர் எதிரான வம்பு ஒன்றும் உன் சார்ட்டில் இருக்கிறது. முதல் தொடரில் ராபின் தலைகாட்டாத கதைகளை எல்லாம் முன்னால் அடுக்கி, ராபின் வரும் கதைகளைப் பின்னால் தள்ளியிருக்கிறாய். அதாவது, ராபின் இல்லை என்றால் ராபின் இன்னும் வரவில்லை என்று அர்த்தம் பண்ணிக்கொண்டாய். அந்தத் தொடரின் ராபினான டிக் கிரேசன் கல்லூரியில் படிக்கும் இளைஞன். அவன் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான், லீவுக்கு வந்தால் முகமூடி மாட்டுகிறான். தயாரிப்பில் இரண்டாவது என்று மேலே சொன்ன கிறிஸ்துமஸ் கதையிலேயே அவன் இருக்கிறான். நீயும் மதுரைக் கல்லூரியில் படித்த மூன்று வருஷம் வீட்டுப் போட்டோ எதிலும் இல்லை. அதனால் நீ அப்போது பிறக்கவில்லை என்றா ஆகும்? வந்தவனை வைத்துச் சாட்சி சொல். வராதவனை வைத்துச் சொல்லாதே.

அடுத்தது, வரையும் பாணி. இதை நீ நன்றாகவே பயன்படுத்தியிருக்கிறாய். தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான புரூஸ் டிம் 1997இல் எல்லோருடைய உருவத்தையும் மாற்றினார். கோடுகள் குறைந்தன, தாடை கூர்மையானது, ஜோக்கரின் கண் கறுத்துப் புள்ளியானது. எந்தப் படச்சட்டத்தைக் காட்டினாலும் இது 97க்கு முன்னா பின்னா என்று சொல்லிவிடலாம். கல்வெட்டுப் படிக்கிறவர்கள் எழுத்தமைதி பார்த்துக் காலம் சொல்வார்களே, அந்த முறைதான் இது. திருச்சுழிக்குப் பக்கத்தில் பள்ளிமடம் கோயிலில் வட்டெழுத்தில் பாண்டியர் கல்வெட்டுகள் இருக்கின்றன. அருப்புக்கோட்டையிலிருந்து பஸ் ஏறினால் அரை நாள் வேலை. போய்ப் பார். எழுத்தைப் பார்த்தே காலத்தை நெருங்குவது எப்படி என்று தெரிந்தவர் யாராவது கூட வந்தால் இன்னும் நல்லது.

கல்வெட்டுக்காரர்கள் இதிலேயே ஒரு எச்சரிக்கையும் வைத்திருக்கிறார்கள். கோயிலைப் புதுப்பிக்கும்போது பழைய கல்வெட்டைப் படியெடுத்துப் புதுச் சுவரில் வெட்டுவது உண்டு. செய்தி பழைய ராஜாவுடையது, எழுத்து புதுக் காலத்துடையது. எழுத்தமைதி, கல் எப்போது வெட்டப்பட்டது என்பதைத்தான் சொல்லும். கல்லில் உள்ள சங்கதி எப்போது நடந்தது என்பதற்கு அது பொறுப்பில்லை. இப்போது 'ஓல்ட் வூண்ட்ஸ்' கதையை எடு, 1998இல் வந்தது. டிக்கும் பேட்மேனும் எப்படிச் சண்டை போட்டுப் பிரிந்தார்கள் என்று பழசைச் சொல்லும் கதை. அந்தச் சண்டை நடந்தது பழைய தொடருக்கும் புதிய தொடருக்கும் நடுவில். வரைந்திருப்பது முழுக்கப் புதுப் பாணியில். பாணியை நம்பினால் அந்தச் சண்டையைத் தப்பான இடத்தில் வைப்பாய்.

பாணிக்கே இந்தக் கதி என்றால் பொருள்களைப் பார்த்துக் காலம் சொல்வது சுத்தமாக ஆகாது. அந்த முதல் தொடரில் டிவி பெட்டி கறுப்பு வெள்ளை, கார்கள் 1930, 40களின் சாயல், போலீஸ் ஆகாயக் கப்பலில் ரோந்து போகிறது. அதே ஊரில் பேட்மேன் குகையில் கம்ப்யூட்டர் இருக்கிறது. பின்னணிகளைக் கறுப்புத் தாளின் மேல் வரைந்தார்கள் என்பது பலருக்குத் தெரிந்த சேதிதான். எந்த வருஷம் என்று எவனும் சொல்லக்கூடாது என்பதற்காகவே கட்டிய ஊர் அது. கட்டியவன் வேண்டுமென்றே அழித்த தடயத்தைத் தேடி ராத்திரி முழுக்க முழித்திருக்காதே.

வருஷம் இல்லாத இடத்தில் எப்படி வரிசை போடுவது என்று கேட்பாய். உங்கள் அம்மாச்சியைக் கேள். எந்தப் பிள்ளை எந்த வருஷம் பிறந்தது என்று அவளுக்குத் தெரியாது. எம்.ஜி.ஆர். நம்ம அருப்புக்கோட்டையில் நின்று ஜெயித்தபோது மூத்தவனுக்கு ஏணை கட்டியிருந்தேன் என்பாள். அந்தத் தேர்தல் 1977. அவ்வளவுதான், ஒரு ஆணி கிடைத்துவிட்டது. அந்த ஆணிக்கு முன்னால் எது, பின்னால் எது என்று கேட்டுக்கொண்டே போனால் மொத்தக் குடும்பத்துக்கும் கணக்கு வந்துவிடும். உன் 306க்கும் அப்படி ஆணிகள் வேண்டும். 1997 அக்டோபரில் சூப்பர்மேன் தொடரில் மூன்று பாகமாக வந்த 'வேர்ல்ட்ஸ் ஃபைனஸ்ட்' அப்படி ஒரு ஆணி. பேட்மேனும் சூப்பர்மேனும் முதன்முதலாகச் சந்திக்கும் இடம். இருவரும் பழகியவர்களாகப் பேசிக்கொள்ளும் எந்தக் கதையும் இதற்குப் பின்னால்தான். ஜஸ்டிஸ் லீக் உருவாகும் 2001 நவம்பர்க் கதை இன்னொன்று. கிழவர் புரூஸ் கடைசியாக உடையைக் கழற்றி விளக்கை அணைக்கும் பேட்மேன் பியாண்டின் முதல் காட்சி மூன்றாவது. அங்கிருந்து இருபது வருஷம் தாண்டித்தான் அந்தத் தொடரே தொடங்குகிறது. இப்படிப் பத்து ஆணி அடித்தால் போதும். மற்றதை எல்லாம் எந்த இரண்டு ஆணிக்கு நடுவில் என்று மட்டும் சொல். கல்வெட்டுக்காரர்களின் வழியும் இதுதான். பாண்டியன் கல்வெட்டில் இன்ன மன்னனின் இத்தனையாவது ஆட்சியாண்டு என்றுதான் இருக்கும், அதைத் தூக்கி நம் வருஷக் கணக்கில் பொருத்துவதற்குத் தலைமுறை தலைமுறையாக உழைத்திருக்கிறார்கள்.

இந்த வேலைக்கு வெளியே போய்க் குரு தேட வேண்டியதில்லை. உங்கள் ஊர் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் வைத்தார் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாய். அந்தச் சங்கத்தின் இதழ் செந்தமிழ். அதற்கு ஆசிரியராக இருந்த மு. இராகவையங்கார் ஆழ்வார்கள் காலநிலை என்று ஒரு நூல் எழுதியிருக்கிறார். எந்த ஆழ்வார் முன்னே, எந்த ஆழ்வார் பின்னே? உன் கேள்வியேதான், ஆளும் காலமும்தான் வேறு. ஆண்டாள் நம் மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண். திருப்பாவையில் ஒரு விடியற்காலையைச் சொல்லும்போது வெள்ளி எழுந்ததையும் வியாழன் மறைந்ததையும் சேர்த்துச் சொல்கிறாள். மார்கழி விடியலில் அந்த இரண்டும் ஒருசேர நிகழ்ந்தது எந்த ஆண்டு என்று கணக்குப் போட்டு, கி.பி. 731 என்று இராகவையங்கார் சொன்னார். பாட்டுக்குள் இருக்கிற சாட்சி, வானத்தில் அதற்கு ஒரு சரிபார்ப்பு. படிக்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஆனால் அந்தக் கணக்கு அங்கே முடியவில்லை. வெள்ளியும் வியாழனும் அதே நிலைக்கு மறுபடி மறுபடி வரும். வேறு ஆண்டுகளும் பொருந்தும் என்று மறுத்தவர்கள் உண்டு. கவி சொன்ன வர்ணனையைப் பஞ்சாங்கக் குறிப்பாக எடுக்கலாமா என்று கேட்டவர்களும் உண்டு. நான் இராகவையங்கார் கட்சி. கட்சி இருப்பதால் மறுப்பை மறைக்கவில்லை. அவர் சாட்சியைத் திறந்து வைத்தார், அதனால்தான் மறுக்கவும் முடிந்தது. 731 என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருந்தால் நம்புவதா விடுவதா என்பதைத் தவிர நமக்கு வேறு வேலையே இருந்திருக்காது.

உன் தொடரில் இதே மாதிரி ஒற்றைச் சாட்சியில் தொங்கும் கதைகள் நிறைய. பனி பெய்கிறது, அதனால் குளிர்காலம் என்கிறாய். எந்த வருஷத்துக் குளிர்காலம்? பேட்மேனின் காத்தம் நகரில் வருஷா வருஷம் பனி பெய்யும். இரண்டாவது சாட்சி கிடைக்கும் வரை பென்சிலால் எழுது.

இரண்டாவது சாட்சி கடைசி வரை கிடைக்காத கதைகளும் இருக்கும். அவற்றை என்ன செய்வது என்பதில்தான் ஆள் யார் என்று தெரியும். ஒரு வில்லன் வருகிறான், தோற்கிறான், போகிறான். முன்கதை இல்லை, பின்விளைவு இல்லை. இப்படி இரண்டு கதை இருந்தால் எது முன் என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வை. ஒரே கட்டத்துக்குள் நான்கு கதை, தங்களுக்குள் முன்பின் கிடையாது என்று எழுது. உன் சிவப்புக் கோடு ஒற்றைக் கோடாக ஓடுவதுதான் பார்வைக்கு அழகு, ஒத்துக்கொள்கிறேன். பல இடத்தில் அது அகலமாகி வாய்க்கால் மாதிரி விரியத்தான் வேண்டும். படிக்கிறவன் ஏமாற்றமடைவான் என்று பயப்படாதே. ஒற்றை வரிசை வேண்டுமென்று அடம்பிடிக்கிறவனுக்கு, ஒரு கட்டத்துக்குள் தயாரிப்பு எண்படி பார்த்துக்கொள் என்று பின்குறிப்புப் போடு, போதும்.

ஃப்ளாஷ்பேக் பற்றிக் கேட்டிருந்தாய். 1993 டிசம்பரில் வந்த 'மாஸ்க் ஆஃப் தி ஃபேண்டாசம்' படத்தில் பாதி பழைய கதை. புரூஸ் முகமூடி போடுவதற்கு முந்தைய காதல். அதை வெட்டி முன்னால் ஒட்டாதே. ஒரு கதையை, அதில் நினைத்துப் பார்க்கிறவன் எந்தக் காலத்தில் உட்கார்ந்து நினைக்கிறானோ அங்கே வை. நினைவில் வரும் சம்பவத்துக்கு அதன் இடத்தில் ஒரு சின்னக் குறி போட்டு, இன்ன கதையில் பார்க்க என்று கை காட்டு. காலப் பயணக் கதைகளுக்கும் இதே வழி. ஸ்டாட்டிக் என்ற பையன் 2004இல் ஒரு எபிசோடில் நாற்பது வருஷம் தாண்டிப் போய் வருங்கால பேட்மேனைப் பார்க்கிறான். அவனுடைய கடிகாரத்தில் அது அந்த வாரத்துச் சங்கதி. அவன் பக்கம் வை.

'எபிலாக்' மட்டும் தனிக் கேஸ். 2005 ஜூலையில் ஜஸ்டிஸ் லீக் தொடரின் நடுவில் வந்தது. பேட்மேன் பியாண்டுக்கும் பதினைந்து வருஷம் அப்பால் நடக்கிறது. இதோடு தொடர் முடிகிறது என்று நினைத்து எழுதிய கதை அது. பிறகு இன்னொரு சீசன் கிடைத்துவிட்டது, 2006 மே வரை ஓட்டினார்கள். கதைக் கணக்கில் மொத்த 306க்கும் கடைசி அதுதான், அதில் உனக்கும் எனக்கும் தகராறு இல்லை. அதைக் கடைசி நம்பராகப் போட்டு, இந்த வரிசைப்படி பாருங்கள் என்று மேலே எழுதியிருக்கிறாயே, அந்த மேல்வரியைத்தான் அடிக்கச் சொல்கிறேன்.

புதிதாகப் பார்க்க வருகிற பிள்ளைக்குக் கதை வரிசையைக் கொடுக்காதே. இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. ஹார்லி க்வினை எடு. 1992 செப்டம்பரில் ஜோக்கரின் கூட்டத்தில் ஒரு கோமாளிப் பெண்ணாக, ஒரு கதைக்கு மட்டும் என்று வந்தவள். பிடித்துப்போய் நிலைத்துவிட்டாள். அவள் யார், மனநல மருத்துவர் எப்படி ஜோக்கர் வலையில் விழுந்தார் என்ற முன்கதை, 'மேட் லவ்' என்ற பெயரில் 1994இல் காமிக்ஸாக வந்து, 1999இல்தான் எபிசோடாக வந்தது. அந்த ஏழு வருஷம் பார்த்தவர்களுக்கு அவள் ஒரு புதிர். கதை வரிசைப்படி அந்த முன்கதைக்கு முன்னாலேயே குறி போட்டுக் கை காட்டினால் புதிருக்கு விடையை முதலில் கொடுத்து, அப்புறம் புதிரைப் போடுகிறாய். எழுதியவர்கள் அந்த ஏழு வருஷத்தைப் பார்த்தவனின் மனசில் இருப்பதாக வைத்துத்தான் 'மேட் லவ்'வை எழுதியிருக்கிறார்கள். உன் வரிசை ஒரு தடவை எல்லாம் பார்த்து முடித்தவனுக்கு. இதைப் புத்தகமாகப் போட்டால் முதல் பக்கத்திலேயே அதைச் சொல்லிவிடு. புதியவனுக்கு வெளிவந்த வரிசையே போதும், கேட்வுமன் கதையின் இரண்டு பாகத்தை மட்டும் சேர்த்து வைத்துக் கொடு.

என் தலைமுறைக்கு இதைச் சொல்லித்தர யாரும் தேவைப்படவில்லை, வேறு வழியும் இல்லை. இந்தச் சிவகாசியிலிருந்துதான் 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு வந்தது. லண்டனில் வாலியன்ட் வார இதழில் 1962இல் தொடங்கிய தொடர் அது. வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக வந்ததை இங்கே முழுப் புத்தகமாகக் கொடுத்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது பழைய புத்தகக் கடையில் எது கிடந்ததோ அது. அட்டை கிழிந்தது, மறுபதிப்பு எல்லாம் கலந்து. ஒன்றில் மாயாவி நிழற்படையின் ரகசிய ஏஜெண்ட். இன்னொன்றில் அதே மாயாவி, இயற்பெயர் லூயி கிராண்டேல், பரிசோதனைக்கூட விபத்தில் சக்தி கிடைத்துப் புத்தி கெட்டுத் திருடுகிறான். எது முன்னே என்று பையன்கள் டீக்கடை பெஞ்சில் அடித்துக்கொள்வார்கள். கெட்டவன் நல்லவனாவது உண்டு, அரசாங்க ஏஜெண்ட் மறுபடி ஆய்வுக்கூட உதவியாளனாவது கிடையாது என்று ஒருவன் சொல்ல, வழக்கு தீர்ந்தது. பாத்திரத்தின் மனமாற்றம் ஒரு நல்ல சாட்சி என்று அந்தப் பையன் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. 1984இல் வந்த லயன் காமிக்ஸின் ஸ்பைடருக்கும் இதே அளவுகோல் வேலை செய்யும்: குற்றச் சக்கரவர்த்தியாக இருக்கிறானா, குற்றவாளிகளை வேட்டையாடுகிறானா என்று பார்த்தால் பாதி வரிசை வந்துவிடும். அந்த ஸ்பைடர் கதைகளில் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெரி சீகல் என்பது உனக்குப் பிடிக்கும். உன் 306ஐ முடித்த பிறகு மாயாவியையும் ஸ்பைடரையும் எடு. லண்டனில் வந்த தேதி, சிவகாசியில் வந்த தேதி, மறுபதிப்புத் தேதி, கதைக்குள் நடந்த வரிசை என்று நாலு பத்தி வரும். பேட்மேனுக்கு வெள்ளைக்காரர்கள் ஏற்கெனவே பத்துப் பேர் பட்டியல் போட்டிருப்பார்கள். மாயாவிக்கு நம் ஆட்கள்தான் போட வேண்டும்.

சில்லறை விஷயங்கள். தயாரித்தவர்கள் பேட்டியில் சொன்னதைத் தனிப் பத்தியில் எழுது, கதைக்குள் இருப்பதோடு கலக்காதே. பத்து வருஷம் கழித்து மேடையில் கேட்ட கேள்விக்கு வாய்க்கு வந்ததைச் சொல்வது மனித சுபாவம். டிவிடியில் முதல் தொடரைத் தயாரிப்பு வரிசையில் போட்டிருக்கிறார்கள், அதனால் அதைப் பார்த்து வளர்ந்தவனும் டிவியில் பார்த்தவனும் உன்னிடம் வேறு வேறு மாதிரி சண்டைக்கு வருவார்கள். இரண்டு பேர் சொல்வதும் ஆவணம்தான். தலைப்புகளைத் தமிழ் எழுத்தில் ஒரே மாதிரி எழுது. ஒரு பக்கம் பேட்மேன், மறு பக்கம் பேட்மென் என்று இருந்தால் கடைசியில் பெயரடைவு போடும்போது நீதான் அழ வேண்டும். சார்ட் பேப்பரை விட்டுவிடு. கதைக்கு ஒரு அட்டை வாங்கிக்கொள். அட்டையின் மேலே தயாரிப்பு எண்ணும் ஒளிபரப்புத் தேதியும், நடுவில் சாட்சி, கீழே அந்தச் சாட்சி எத்தனையாவது நிமிஷத்தில் வருகிறது என்பது. நிமிஷம் எழுதாத சாட்சியை நான் ஏற்க மாட்டேன். அட்டை என்றால் மாற்றி அடுக்கலாம், சார்ட்டில் ஒன்றை நகர்த்தினால் முந்நூறையும் திரும்ப எழுத வேண்டும்.

அருப்புக்கோட்டை டிடிபி கடையில் பகல் முழுக்கக் கல்யாணப் பத்திரிகை அடித்துவிட்டு ராத்திரி இதைச் செய்கிறாய், இதில் காசு வருமா என்று உன் அம்மா என்னிடம் கேட்டாள். வராது என்று சொல்லிவிட்டேன். அவளிடம் நீ வேறு மாதிரி சொல்லியிருந்தால் இப்போதே சரிசெய்துகொள்.

முதல் ஆணியிலிருந்து இரண்டாவது ஆணி வரைக்குமான அட்டைகளை மட்டும் முதலில் முடித்து அனுப்பு. சந்தேகம் உள்ளவற்றை ரப்பர் பேண்ட் போட்டுத் தனியாகக் கட்டு, அவற்றைத்தான் முதலில் பார்ப்பேன்.

அன்புடன்,
மாமா
சிவகாசி